தேய்க்கிறதுக்கு முன்னால கேளுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. தவணை கட்டுகிற அன்றைக்குக் கணக்குப் பேசுவேன், அவ்வளவுதான். என் தொழில் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவர்களுக்கும் வயசானவர்களுக்கும் எண்ணெய் தேய்த்து நீவி விடுவது. 19 வருஷமாகச் செய்கிறேன். இதே வேலை செய்கிறவங்க நம்ம குழுக்களில் பல பேர் இருக்கீங்க. உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்குப் போனேன். ஆபரேஷனில் பிள்ளை பெற்று 12 நாள் ஆன பெண். இடது ஆடுசதை வலிக்குது என்றாள். மாமியார், "கட்டில்ல மடக்கிப் படுத்திருந்தா, சுளுக்கிக்கிச்சு. நல்லா அழுத்தி விடும்மா" என்றார். நானும் அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் போனால் வீக்கம் கூடியிருந்தது. அந்தக் கால் மட்டும் தொட்டால் சூடு. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. தையல் டேப்பை வாங்கி, முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டு காலையும் அளந்தேன். 4 சென்டிமீட்டர் வித்தியாசம். "இன்னிக்குத் தேய்க்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். மாமியாருக்குக் கோபம், கூலியும் தரவில்லை.

ஸ்கேன் எடுத்ததில், காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. டாக்டர் கேட்டது, "இந்தக் காலை யார் தேய்ச்சது?" நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் நல்லாயிட்டாள். ஆனால் முதல் நாள் நான் அழுத்தினதில் அந்த உறைகட்டி பெயர்ந்திருந்தால் நேராக நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கும். மூச்சு நின்று போகும்.

நம்மைக் குழப்புவது ஒரு சொல்தான். அடிபட்டுக் கன்னிப் போனாலும் 'ரத்தக்கட்டு' என்கிறோம், குழாய்க்குள் உறைந்தாலும் அதையே சொல்கிறோம். தேய்த்தால் கட்டு உடையும், உடைந்தால் நல்லது என்று நினைக்கிறோம். குழாய்க்குள் இருக்கிற கட்டு உடைவதுதான் ஆபத்து.

பிள்ளை பெற்ற முதல் 6 வாரம், ஆபரேஷன் முடிந்தவர்கள், கால் முறிந்து மாவுக்கட்டு போட்டவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர்கள், இவங்களுக்கெல்லாம் இப்படி உறைய வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அந்தக் காலில் கை வைக்காதீங்க, ஒத்தடமும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்க. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்க.

நரம்பு சுருண்டு புடைத்து நிற்கும் கால் வேறு. அந்தப் புடைப்பின் மேல் அழுத்தக் கூடாது. தோல் மெலிந்திருக்கும், உடைந்தால் ரத்தம் கொட்டும்.

அடுத்தது மாத்திரை. "என்னம்மா மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால் "இதயத்துக்கு" என்பார்கள். அட்டையை எடுத்து வரச் சொல்லிப் பாருங்க. அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மாதிரி இருந்தால் அது ரத்தம் உறையாமல் இருக்கத் தருவது. நாம் அழுத்தினால் உடம்பெல்லாம் நீலம் பாரிக்கும், சில பேருக்கு உள்ளேயே ரத்தம் கசியும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க. சரி என்றாலும் எண்ணெய் பூசுகிற அளவுதான், அழுத்தம் வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தேய்த்து முடித்ததும் சட்டென எழுப்பாதீங்க. தலை சுற்றும். கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பிறகு நிற்க வையுங்க.

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டிலும் மூளைக்குப் போகும் குழாய் துடிக்கும். அங்கே அழுத்தினால் வயசானவர்கள் மயங்கி விழுவார்கள். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கவே எடுக்காதீங்க. குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

"முதுகுப் பிடிப்பு, வாயு, நீவி விடு" என்று கூப்பிடுவார்கள். வேர்க்குதா, தாடையும் இடது கையும் வலிக்குதா, படி ஏறினால் வலி கூடுதா என்று கேளுங்க. ஒன்றுக்கு ஆமா என்றாலும் எண்ணெயை மூடி வைங்க. பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் அசதி, வாந்தி, முதுகு வலியோடும் மாரடைப்பு வரும். சர்க்கரை இருந்தால் வலியே தெரியாமலும் போகும். 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகள் தருகிறார்கள், 'இதயம் காப்போம்' திட்டம். நீவிக் கொண்டிருக்கிற அரை மணி நேரத்தில் இதயத் தசை செத்துப் போகும்.

வேலை போயிடுமே என்று கேட்பீங்க. எனக்கும் அந்த வீடு போனது. இப்போது முதல் நாள் போனதும் கேட்கிறதைக் கேட்டு, இரண்டு காலையும் பார்த்துவிட்டுத்தான் கூலி பேசுகிறேன்.

தலைவி அக்காவுக்கு ஒரு கோரிக்கை. நம்ம தொழில் செய்கிறவங்களுக்குப் பொது நிதியிலிருந்து நாலு பிரஷர் மெஷின் வாங்கித் தரணும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்கிற நம்ம பெண்கள் அளக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். 180-க்கு 110, அதற்கு மேலே காட்டினால் நாங்கள் தேய்க்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். பணத்தைத் தவணையில் கட்டிவிடுகிறோம்.