கலைஞரின் கொப்பிகளைக் காப்போம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊரூராகச் சென்று பாடி நடித்த கலைஞன் மறைந்தபின் எஞ்சுவது யாது? குரல் விடியற்காற்றோடு போய்விடும். நோட்டீசும், பத்திரிகை நறுக்கும், மாலையோடு நிற்கும் படமுமே மிஞ்சும். அவற்றை ஒட்டி வைத்த பழைய கொப்பியே அவன் சரித்திரம்.

நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களைப் பெரியோர் அறிவீர்கள். 1924இல் பிறந்த காங்கேசன்துறைக் கலைஞர், 1989இல் மறைந்தார். வசந்த கான சபாவுடன் ஊரூராகச் சென்று விடிய விடிய இசை நாடகம் நடித்தவர். மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக 3000 தடவைக்கு மேல் தோன்றினார் என்பர். பெற்ற மகனின் பிணத்துக்கே சுடலைக்கூலி கேட்கும் கட்டத்திற் கண்கலங்காதார் யார்?

மூவாயிரம் என்று எளிதிற் சொல்லிவிடுகிறோம். எந்த ஊரில், எந்த இரவில்? சந்திரமதியாக வந்தவர் யார்? ஆர்மோனியம் வாசித்தவர் யார்? இவற்றை நோட்டீசன்றி வேறெது சொல்லும்? அவர் மறைந்த மறு ஆண்டிலேயே, 1990இல், காங்கேசன்துறை மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். வீடுகளோடு எத்தனை கொப்பிகள் அழிந்தனவோ!

நமக்கும் அத்துயர் புதிதன்று. 2008இல் அடம்பனை விட்டுப் புறப்பட்டபோது பிள்ளைகளைத் தூக்கினோம். றங்குப்பெட்டிக்குள் இருந்த கொப்பிகளை எத்தனை பேர் எடுத்தோம்? அதிற் குற்றமில்லை, உயிரே பெரிது. ஆனால் மிஞ்சியவற்றையும் கரையானுக்குக் கொடுத்தால் அது நம் குற்றமே.

மன்னார்க் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகள் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அச்சேற்றினார். அதனாற் பாட்டுகள் பிழைத்தன. பாடி ஆடிய அண்ணாவிமாரின் வரலாறோ இன்னும் வீடுகளிலேயே கிடக்கிறது. கூத்தாயினும் இசை நாடகமாயினும், கோயிலாயினும் தேவாலயமாயினும், அது நம் மாதோட்டத்துச் செல்வம்.

இளைஞர்களே! உங்கள் கைத்தொலைபேசியே இதற்குப் போதும். வீட்டாரின் அனுமதியோடு கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். ஒட்டிய தாளை உரிக்க வேண்டாம். கொப்பி வீட்டிலேயே இருக்கட்டும். படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்தில் வையுங்கள்; இன்னொன்றை, 2005 தொடக்கம் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

பெரியோர்களே! பிள்ளைகள் வந்து கேட்டால், "பழைய கடதாசிதானே" என்று சொல்லாதீர்கள். பெட்டியைத் திறந்து கொடுங்கள். படத்தில் உள்ளவரின் பெயர் தெரிந்தவர் இன்று நம்மோடு இருக்கிறார். நாளைக்கு யாரிடம் கேட்பது?