அரசின் நுகர்வும் மலையின் பங்கும்

(கொல்லிமலை வாழவந்தி நாட்டில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அரசின் வரவு செலவு என்றவுடன், அது கோட்டையில் அமர்ந்து கணக்கெழுதுவோர்க்கு உரிய செய்தி என்று மலைமக்கள் ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுங்கலாகாது. பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர் உளரா? செம்மேட்டு மருத்துவமனையில் நள்ளிரவில் மருத்துவர் இருப்பாரா? பாம்பு கடித்தவனுக்கு ஊசிமருந்து இருப்பில் உண்டா? இக்கேள்விகள் அனைத்திற்கும் விடை, நாட்டுக் கணக்கேட்டின் ஒரே வரியில் அடங்கியிருக்கின்றது. 'அரசின் இறுதி நுகர்வுச் செலவு' என்பது அவ்வரிக்குப் பொருளியலார் இட்ட பெயர். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அஃது எவ்வாறு வளர்ந்தது, எங்கே நின்றது, நின்றதனால் மலைக்கு விளைந்தது என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். நுகர்தல் என்பதற்கு மோத்தல் என்றும் துய்த்தல் என்றும் பொருள். பூவின் மணத்தை நுகர்ந்தபின் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. அந்த எண்ணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதால், அரசின் நுகர்வு என்றாலே அமைச்சர்களின் விருந்தும் அலுவலர்களின் ஊர்திகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அவையும் அதில் உள்ளனவே. ஆயின் பெரும்பகுதி வேறு. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், காவலர், படைவீரர் ஆகியோரின் ஊதியம், மருத்துவமனை மருந்து, பள்ளிப் பாடநூல், சத்துணவுக் கூடத்து அரிசி, பருப்பு, முட்டை, மழைக்காலத்தில் சாலையில் சரிந்த மண்ணை அள்ளும் கூலி. இவை யாவும் அரசின் நுகர்வே. பணம் கொடுப்பது அரசு, துய்ப்பவர் மக்கள்.

இதில் சேராதவை எவை? புதிய சாலையும் கட்டடமும் 'முதலீடு' என்று வேறு வரியில் எழுதப்படும். கடனுக்குக் கட்டும் வட்டி இதில் சேராது. முதியோர் உதவித்தொகையும், 2023இல் திங்களுக்கு 1,000 உருபா வீதம் தொடங்கப்பெற்ற மகளிர் உரிமைத்தொகையும் சேரா. அத்தொகையைக் கொண்டு ஒரு தாய் அரிசி வாங்கினால், அது குடும்பத்தின் நுகர்வாகவே கணக்கில் ஏறும்.

இப்பாகுபாட்டில் ஒரு விந்தை உண்டு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளோடு மலையேறும் சாலையை அமைத்தது முதலீடு; அச்சாலையில் ஏறிவரும் ஆசிரியரின் ஊதியம் நுகர்வு. பள்ளியின் சுவர் முதலீடு. சுவருக்குள் பிள்ளை கற்கும் பாடம் நுகர்வு. பலாக்கன்றை நடுவது முதலீடு, அதற்கு நீரூற்றுவது நுகர்வு என்றால், நீரூற்றுவதை வீண்செலவு என்று எந்த மலையாளி உழவனாவது சொல்வானா? முதலீடு என்றால் போற்றுவதும் நுகர்வு என்றால் தூற்றுவதுமான ஒரு வழக்கம் ஆட்சி மன்றங்களில் வேரூன்றிவிட்டது. ஆளில்லாத கட்டடங்கள் மலிவதற்கு அவ்வழக்கமும் ஒரு கரணியம்.

இனி வரலாற்றைக் காண்போம். ஓர் ஆண்டில் நாட்டில் விளைவன, செய்யப்படுவன, ஆற்றப்படும் பணிகள் அனைத்தின் மதிப்பையும் மொத்த உள்நாட்டு விளைவாக்கம் என்க. 1950களின் தொடக்கத்தில் இந்தியாவின் விளைவாக்கத்தில் அரசின் நுகர்வு ஏறத்தாழ 6 விழுக்காடே. 1980களின் பிற்பகுதியில் அது 12 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. நாற்பது ஆண்டில் பங்கு இரட்டித்தது. அதன்பின் ஏறுவதும் இறங்குவதுமாகப் பெரும்பாலும் 10க்கும் 12க்கும் இடையிலேயே நிற்கின்றது. உலக நாடுகளின் பொது அளவோ 16, 17 விழுக்காடு. பிரித்தானியாவில் 20ஐ ஒட்டியும் சுவீடனில் 25ஐ ஒட்டியும் உள்ளது. 6 விழுக்காட்டளவில் நிற்கும் வங்காளதேசம் போன்ற நாடுகளும் உண்டு.

பங்கு ஏறியது ஏன்? செருமானிய அறிஞர் அடோல்பு வாக்குனர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கருத்துரைத்தார். தொழில் பெருகி நாடு வளர வளர, கல்வி, நலவாழ்வு, காவல், நயன்மை ஆகியவற்றை மக்கள் மிகுதியாக வேண்டுவர். ஆகலின் அரசின் பங்கு நாட்டின் வளர்ச்சியினும் விரைந்து வளரும் என்பது அது. பிரித்தானியக் கணக்குகளை ஆய்ந்த பீக்காக்கு, வைசுமன் என்னும் இருவர் 1961இல் வேறொன்று காட்டினர். போர் போன்ற பேரிடர்க் காலத்தில் அரசின் செலவு திடீரென்று மேலேறும். போர் முடிந்தாலும் பழைய நிலைக்கு இறங்காது. இந்தியாவில் இவ்விரண்டும் நிகழ்ந்தன. 1962இல் சீனத்தோடு நேர்ந்த போருக்குப்பின், நாட்டு விளைவாக்கத்தில் படைத்துறையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காட்டிலிருந்து 4ஐ ஒட்டி ஏறியது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. 1973இல் மூன்றாம் ஊதியக் குழுவும் 1986இல் நான்காம் ஊதியக் குழுவும் தந்த அறிக்கைகளால் அரசூழியர் ஊதியம் உயர்ந்தது.

நின்றது ஏன்? 1991ஆம் ஆண்டின் அயற்செலாவணி நெருக்கடிக்குப்பின் செலவைச் சுருக்குவதே ஆட்சித்திறம் என்னும் கொள்கை ஓங்கியது. 1997இல் வந்த ஐந்தாம் ஊதியக் குழுவின் சுமை மாநிலங்களை அழுத்தியது. 2001இல் தமிழ்நாட்டில் புதிய பணியமர்த்தத்துக்குத் தடை வந்தது. 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டங்கள் நடுவண் அரசிலும் தமிழ்நாட்டிலும் இயற்றப்பட்டன. வட்டியைக் குறைக்க இயலாது. படைத்துறையில் கைவைக்க எவரும் துணியார். இருக்கும் ஊழியரின் ஊதியத்தையும் வெட்டவியலாது. எஞ்சியது ஒன்றே: ஓய்வுபெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விடுவது. அவ்வெற்றிடங்கள் தலைநகரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓராசிரியர் பள்ளிகளும் ஒற்றைச் செவிலியர் நிலையங்களும் உள்ள மலையில்தான் முதலில் தெரிகின்றன.

பெருமக்களே, இங்கு ஒரு நுட்பத்தை உணர்தல் வேண்டும். சந்தையில் மிளகுக்கு விலை உண்டு. அன்னாசிக்கு விலை உண்டு. அரசுப் பள்ளியில் கற்பிக்கப்படும் பாடத்துக்கு விலை இல்லை. ஆதலின் அப்பணியின் மதிப்பை, அதற்கு ஆன செலவைக் கொண்டே கணக்கிடுகின்றனர். ஊதியம் உயர்ந்தால், ஒரு பிள்ளைகூட மிகுதியாகக் கற்காவிடினும் செலவு உயர்ந்ததாக எண் காட்டும். ஆசிரியர் இடம் மூன்றாண்டு நிரப்பப்படாமல் கிடந்தால், அதே எண் அரசு சிக்கனமாக நடந்ததாகக் காட்டும். பிள்ளையின் இழப்பு எந்த வரியிலும் ஏறாது.

இருப்பினும், நடுநிலையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நின்றது பங்குதான், தொகை நிற்கவில்லை. நாட்டின் விளைவாக்கம் பன்மடங்கு பெருகியதால், அதே 11 விழுக்காடு இன்று முன்னினும் மிகப்பெரிய தொகை. ஆகலின் 'பணம் இல்லை' என்னும் விடை முழு உண்மையாகாது. எங்கே வகுக்கப்படுகின்றது என்பதே கேள்வி.

வகுப்பதில் முதற் சிக்கல் நடுவணுக்கும் மாநிலத்துக்கும் இடையிலானது. படைத்துறை நடுவண் பட்டியலில் உள்ளது. மருத்துவம் மாநிலப் பட்டியலில் உள்ளது. கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆம் சட்டத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குச் சென்றது. ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் ஊதியம் தரும் சுமையின் பெரும்பகுதி மாநிலத்தின் தோளில். மாநிலங்களுக்கெனப் பகிரும் நடுவண் வரித் தொகையிலோ, பத்தாம் நிதிக் குழு 1995 முதல் 2000 வரை தமிழ்நாட்டுக்கு வகுத்த பங்கு 6.637 விழுக்காடு, 2021 முதல் 2026 வரைக்குப் பதினைந்தாம் நிதிக் குழு வகுத்தது 4.079 விழுக்காடு. மேல்வரிகளும் கூடுதல் தீர்வைகளும் அப்பகிர்வுக்குள் வருவதே இல்லை.

இரண்டாம் சிக்கல் சமவெளிக்கும் மலைக்கும் இடையிலானது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கொல்லிமலையின் பதினான்கு நாடுகளிலும் வாழ்வோர் ஏறத்தாழ 40,000 பேர். அவர்கள் சிறுசிறு ஊர்களாகச் சிதறி வாழ்கின்றனர். நாமக்கல்லில் ஓர் ஆசிரியர் முன் நாற்பது பிள்ளைகள் அமரும்போது, மலையூர் ஒன்றில் பத்துப் பேர் அமரலாம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் அலுவலர்க்கு மலைப்பள்ளி வீண்செலவாகத் தோன்றும். இரண்டு பள்ளிகளை இணைத்தால் என்ன என்று அவர் எழுதுவார். அந்த இரண்டு பள்ளிகளுக்கும் இடையே ஓடையும் காடும் உள்ளன என்பது அவருடைய தாளில் இராது. எட்டு அகவைப் பெண்பிள்ளை அவ்வழியே நடப்பாளா, வீட்டிலேயே நின்றுவிடுவாளா என்பதும் அதில் இராது.

நுகர்வு வீண் என்பார்க்குத் தமிழ்நாடே விடை தந்துள்ளது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிப் பகலுணவு தொடங்கிற்று. 1982இல் ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தபோது, கருவூலம் தாங்காது என்று குறைகூறியோர் பலர். 2001இல் உச்ச நீதிமன்றம், சமைத்த பகலுணவை எல்லா மாநிலங்களும் வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2022இல் காலையுணவும் தொடங்கி அடுத்த ஆண்டே மாநிலமெங்கும் பரவிற்று. அன்று வீண் எனப்பட்ட நுகர்வே பசியால் பள்ளிக்கு வராதிருந்த பிள்ளைகளை வகுப்பில் அமர்த்தியது.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் தன் பொருளை எடுத்துக் கொடுத்தான், அது கொடை. இன்றைய அரசு தருவது கொடையன்று. துணிக்கும் தீப்பெட்டிக்கும் மலைமக்கள் கட்டிய வரியும் அதில் உண்டு. பொருள் வரும் வழி காண்பதோடும் சேர்ப்பதோடும் காப்பதோடும் நில்லாமல், அதனை முறையாகப் பங்கிடுவதையும் அரசின் திறமாக வைத்தார் வள்ளுவர். முறை என்றால் கேட்பதற்கு உரிமை உண்டு என்பதே பொருள்.

ஆகவே ஊரவைக் கூட்டம் கூடும் நாள்களில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். இவ்வூராட்சியின் பள்ளிகளுக்கும் உண்டு உறைவிட விடுதிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை? அவற்றுள் இன்று ஆள் உள்ளவை எத்தனை? சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகையில் செலவாகாமல் திரும்பிச் சென்றது எவ்வளவு? வாய்மொழி விடை வேண்டா. தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். விடை வாராவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். தமிழ் இம்மாநிலத்தின் ஆட்சிமொழி என்று 1956இலேயே சட்டம் ஆகிவிட்டது. ஆதலின் கேள்வியும் தமிழில் இருக்கட்டும், விடையும் தமிழில் வரட்டும். கணக்குப் புரியாத மொழியில் இருக்குமளவும் பங்கும் புரியாத இடத்திலேயே போய்ச் சேரும்.

நாட்டின் நுகர்வு 11 விழுக்காடா, 12 விழுக்காடா என்பதைப் பொருளியலார் வழக்காடட்டும். வாழவந்தி நாட்டுப் பள்ளியில் காலை மணியடிக்கும்போது ஆசிரியர் நிற்கிறாரா என்பதை எண்ணிச் சொல்ல இம்மலையின் பெற்றோரால் இயலும். அந்த எண்ணிக்கையை ஊரவை ஏட்டில் ஏற்றுங்கள்.