குளிக்க மாட்டேங்கிற அம்மாவுக்கு என்ன செய்யலாம்?

முதியோர் இல்லங்கள்ல பெரியவங்களைக் குளிப்பாட்டுற வேலையில இருக்கிறவங்களோடதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

விடிஞ்சதும் வரிசையா எல்லாரையும் குளிப்பாட்டி முடிச்சாகணும். அந்த அவசரத்துல, மறதி நோய் இருக்கிற ஒரு அம்மா கத்துறாங்க, கையைக் கிள்ளுறாங்க. "அடம் பிடிக்கிறாங்க"ன்னு நோட்டுல எழுதிடுறோம். அவங்களுக்கு அங்க என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. யாருன்னே தெரியாத ஒருத்தர் வந்து புடவையை உருவுறாங்க. குளிருது, மூட்டு வலிக்குது, திடீர்னு தலையில தண்ணி விழுது. கத்தாம வேற என்ன செய்வாங்க?

அமெரிக்காவுல ஓரிகன், வட கரோலினா மாநிலங்கள்ல 15 இல்லங்கள்ல இதை ஆராய்ஞ்சாங்க. 2004-ல வெளிவந்த முடிவு இது: அவங்கவங்களுக்குத் தகுந்த மாதிரி ஷவர் குளியலை மாத்தினப்போ அடிக்கிறது, கிள்ளுறது எல்லாம் 53 சதவீதம் குறைஞ்சது. படுக்கையிலேயே துண்டால குளிப்பாட்டினப்போ 60 சதவீதம் குறைஞ்சது.

அந்தத் துண்டுக் குளியலை நம்ம ஊர்லயும் செய்யலாம். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்துங்க. ஆளை முழுசா மூடுற பெரிய துண்டை, அலசத் தேவையில்லாத சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்த வெந்நீர்ல நனைச்சுப் பிழியுங்க. சூடு பொறுக்கிற அளவுதானான்னு உங்க முன்கையில வச்சுப் பார்த்துக்கோங்க. உடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமா விலக்கிக்கிட்டே துண்டால மூடி, மேல ஒரு போர்வையும் போடுங்க. துண்டு மேலேயே கையை வச்சு இதமா நீவி விடுங்க. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகு. உடம்பு ஒரு நிமிஷம்கூடத் திறந்து கிடக்காது. சாதாரண சோப்பு மட்டும் வேண்டாம். அலசாம விட்டா அரிக்கும்.

குளியலறைக்குக் கூட்டிட்டுப் போனாலும் மடியிலயும் தோள்லயும் ஒரு துண்டு இருக்கட்டும். ஈரமானா ஆகட்டும். முதல் சொம்பு தண்ணி பாதத்துல, தலை கடைசியில. தலைக்குக் குளிக்கிறதுதான் பயம்னா அதை வேற நாளைக்கு வச்சுக்கலாம். மூட்டு வலிக்காரங்களுக்கு வலி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துட்டுக் குளிப்பாட்டலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அவங்களைத் தாண்டி ரெண்டு பேர் ஊர்க்கதை பேசுறது வேண்டவே வேண்டாம். "இப்போ முதுகு தேய்க்கிறேன்மா"ன்னு அவங்ககிட்ட பேசுங்க.

பிள்ளைங்க சேர்க்க வரும்போதே பழக்கத்தை விசாரிச்சுடுங்க. காலையிலயா, சாயங்காலமா? வெள்ளிக்கிழமை எண்ணெய் வச்சு சீயக்காய் தேய்க்கிறவங்களா? வேலை முடிஞ்சு வந்து ராத்திரி வெந்நீர்ல குளிச்சே பழகின தாத்தாவை விடியக்காலையில எழுப்பினா கோபம் வரத்தான் செய்யும். பெண்களுக்குப் பெண்கள்தான் குளிப்பாட்டணும்னா, அதுல விட்டுக்கொடுக்காதீங்க.

தினமும் முழுக் குளியல் இல்லாட்டி அழுக்காயிடுவாங்கன்னு நினைக்க வேண்டாம். வயசானவங்க தோல் சீக்கிரம் வறண்டு போகும். நிறைய பேருக்கு வாரம் ரெண்டு முறை போதும். மத்த நாள்ல முகம், அக்குள், மார்புக்கு அடியில, தொடை இடுக்கு, பாதம் இதையெல்லாம் துடைச்சு, ஈரத்தை ஒத்தி எடுத்தா போதும்.

இல்லத்தை நடத்துறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஒரு மணி நேரத்துல இத்தனை பேர்னு கணக்கு வைக்காதீங்க. "அப்புறம் வரட்டுமாம்மா?"ன்னு கேட்டுட்டுக் குளிப்பாட்டாம திரும்பி வந்த பொண்ணைத் திட்டாதீங்க. மத்தியானமோ சாயங்காலமோ மறுபடி போய்க் கேட்க அவளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்க.