கூட்டுச் சேராத நாடும் படைக் கூட்டும்



நடுநிலைமை என்பதையும் கூட்டுச் சேராமை என்பதையும் ஒரே பொருளாகக் கொண்டு எழுதிய விடைத்தாள்களை நான் பல ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஸ்விட்சர்லாந்தின் நடுநிலைமை, பிறர் போரிடும்போது எப்பக்கமும் சேர்வதில்லை என்று அந்நாடு உலகுக்கு அளித்த உறுதிமொழி. இந்தியாவின் கூட்டுச் சேராக் கொள்கை அத்தகைய உறுதிமொழி அன்று. யார் பக்கம் நிற்பது என்பதை அவ்வப்போது நாமே தீர்மானிப்போம். அந்தத் தீர்மானத்தை முன்னதாகவே ஒரு படைக் கூட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட மாட்டோம் என்பதே அதன் சாரம்.

எழுதிக் கொடுத்தால் என்ன நேரும்? தஞ்சைச் சீமையில் வாழ்கிற நாம் இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கொள்ளிடம் கடலோடு கலக்குமிடத்தில் தேவிகோட்டை என்றொரு கோட்டை இருந்தது. 1749-ஆம் ஆண்டு தஞ்சையில் பிரதாபசிங் அரசராக இருந்தார். அரியணை இழந்த சாஹுஜி என்பவர் ஆங்கிலக் கும்பெனியாரிடம் படையுதவி கேட்டு, அதற்கு ஈடாகத் தேவிகோட்டையைத் தருவதாக வாக்களித்தார். முதற் படையெடுப்பு பலிக்கவில்லை. இரண்டாம் முறை கோட்டை வீழ்ந்தது. வீழ்ந்ததும் கும்பெனியார் பிரதாபசிங்கோடு சமாதானம் செய்துகொண்டு கோட்டையைத் தாமே வைத்துக்கொண்டனர். உதவி கேட்டு வந்த சாஹுஜிக்கு மிஞ்சியது பிழைப்பூதியம் மட்டுமே.

1762-ஆம் ஆண்டு தஞ்சை அரசர் ஆர்க்காட்டு நவாபுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் ரூபாய் கப்பம் செலுத்துவதென்று உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்குக் கும்பெனியார் ஜாமீன். பதினோராண்டு கழித்து, 1773-இல், ஜாமீன் நின்றவர்களின் படையே நவாபுக்காக வந்து தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. அரசர் துளஜாஜி சிறைப்பட்டார். லண்டனிலிருந்த இயக்குநர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் ஆணைப்படி 1776-இல் கவர்னர் பிகட் பிரபு தஞ்சைக்கு வந்து துளஜாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். ஆனால் கும்பெனிப் படை கோட்டையை விட்டுப் போகவில்லை. அதன் செலவுக்காக ஆண்டுக்கு 4 லட்சம் வராகன் அரசர் தலையில் விழுந்தது.

அந்தப் படை நாட்டைக் காத்ததா? 1781-இல் ஹைதர் அலியின் குதிரைப் படை காவிரி நாட்டைச் சூறையாடியபோது கோட்டை தப்பியது, ஊர்கள் அழிந்தன. மறு ஆண்டு கொள்ளிடக் கரையில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை திப்புவிடம் தோற்று முழுவதும் சிறைப்பட்டது. எனினும் பாக்கிக் கணக்கு நிற்கவில்லை. கடைசியில் 1799-இல் சரபோஜி மன்னர் ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் கும்பெனியிடம் ஒப்படைத்துக் கையொப்பமிட்டார். கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் வருவாயில் ஒரு பங்கும் அவருக்கு எஞ்சின. அந்த உடன்படிக்கைக்கு ஒரு குண்டும் வெடிக்கவில்லை. நெல் விளைந்த நிலத்தின் வருவாய் படைக்குப் போயிற்று. படையோ அரசர் சொல்லைக் கேட்கும் படை அன்று. அயோத்தியிலும் ஐதராபாத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி மணிலாவில் தென்கிழக்காசியப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. சீட்டோ என்பது இதுவே. எட்டு உறுப்பு நாடுகளில் ஆசிய நாடுகள் பாகிஸ்தான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்றுமே. இந்தியா சேரவில்லை. தஞ்சை வரலாற்றை நினைத்து நேரு மறுத்தார் என்று நான் சொல்லவில்லை. உடனடியான காரணம் ஒன்று இருந்தது. அவ்வாண்டு ஜெனீவா மாநாட்டின் முடிவுப்படி, இந்தோசீனாவில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கு இந்தியாவே தலைமை தாங்கிற்று. மத்தியஸ்தர் ஒரு கட்சியின் படையில் பெயர் கொடுத்துக்கொள்ள முடியுமா?

சேர்ந்த நாட்டின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் தன் கடமை கம்யூனிஸ்டு ஆக்கிரமிப்புக்கு மட்டுமே பொருந்தும் என்று அமெரிக்கா தனிக் குறிப்பொன்றைச் சேர்த்திருந்தது. 1965-இல் இந்தியாவோடு போர் மூண்டபோது பாகிஸ்தானுக்கு சீட்டோவின் படை வரவில்லை. அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தியது. சீட்டோ 1977-இல் கலைந்தது.

ஆனால் சேராதவர்க்கு எல்லாம் சுகமே என்று சொன்னால் அது மாணவருக்குச் செய்யும் துரோகம். 1962 நவம்பரில் சீனப் படை வடகிழக்கில் இறங்கியபோது, கூட்டுச் சேரா நாடுகளுள் பல நமக்காக வாய் திறக்கவில்லை. 19-ஆம் தேதி நேரு கென்னடிக்கு எழுதிய கடிதங்களில், போர் விமானங்களை அமெரிக்க விமானிகளோடு அனுப்புமாறு கேட்டார். அக்கடிதங்களை எழுத அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இரண்டு நாளில் சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. மறு ஆண்டு அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானங்கள் கூட்டுப் பயிற்சிக்கு இந்தியா வந்து, பயிற்சி முடிந்ததும் திரும்பிச் சென்றன. ஆயுதம் வாங்கினோம், நிரந்தரத் தளம் கொடுக்கவில்லை. தஞ்சைக் கோட்டையில் நின்ற படைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

படையைவிட வலிய பிடி ஒன்று உண்டு. அது சோறு. 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. 1966-இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசிய பேச்சு ஜனாதிபதி ஜான்சனுக்குக் கசந்தது. கப்பல்களை அவர் சிறிது சிறிதாகவே விடுவித்தார். ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிடாத நாட்டின் கழுத்தையும் இவ்வாறு நெரிக்கலாம். அந்நாளில் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைக் குறுவையில் பயிரிட்ட நம் உழவர்களை அயல்நாட்டுக் கொள்கையோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. பாடப்புத்தகம் எழுதுவோர் கவனிக்க வேண்டிய குறை இது.

1971 ஆகஸ்டில் சோவியத் யூனியனோடு செய்த உடன்படிக்கையில், தாக்குதல் நேர்ந்தால் இரு நாடுகளும் உடனே கலந்து பேசும் என்றுதான் எழுதப்பட்டது. சேர்ந்து போரிடும் என்றல்ல. பலர் அதையும் படைக் கூட்டு என்றே சொன்னார்கள். அது மிகை. ஆயினும் கூட்டுக்கு மிக நெருங்கி நின்றோம் என்பதை மறுப்பதற்கில்லை.

எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்கு பொருந்துவதில்லை. நெடுங்காலம் விலகி நின்ற பின்லாந்து 2023-லும் சுவீடன் 2024-லும் நேட்டோவில் சேர்ந்தன. ருஷ்யாவை அண்டை வீடாகக் கொண்டவர்களின் அச்சத்தை நாம் இங்கிருந்து எள்ளக் கூடாது.

தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய் விமானங்கள் நிற்கின்றன. ருஷ்யாவில் வடிவமைக்கப்பட்ட அந்த விமானத்தில் பிரெஞ்சு, இஸ்ரேலியக் கருவிகளும் இந்தியக் கருவிகளும் கலந்துள்ளன. அது எப்போது எழ வேண்டும் என்ற கட்டளையை இடுவது நம் அரசாங்கமே. ஆனால் 2022-இல் உக்ரைன் போர் மூண்டபின் ருஷ்யாவிலிருந்து வரவேண்டிய தளவாடங்கள் தாமதமாயின. உதிரிப் பாகங்கள் பலவற்றை இங்கேயே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இன்னும் செய்து முடிக்கவில்லை.