பிரேக் யாருக்காகப் பிடிக்கிறது?

(ஒரகடம் வட்டாரத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இந்த வட்டாரத்தில் கார் தொழிலோடு சம்பந்தமில்லாத குடும்பம் அபூர்வம். கார் ஆலையில் வேலை இல்லாதவருக்கு உதிரிப்பாகக் கம்பெனியில் வேலை. அதுவும் இல்லாதவர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையாவது காண்டிராக்டில் போய் வருகிறது. ஆகவே காரைப் பற்றி உங்களுக்குப் பெரிய முன்னுரை தேவையில்லை. புதிய கார்களில் வந்திருக்கும் ஒரே ஒரு கருவியைப் பற்றிப் பேசுகிறேன். தானியங்கி அவசர பிரேக் என்று அதற்குப் பெயர். அது நல்ல கருவியா? நல்லதென்றால் யாருக்கு நல்லது?

கருவி செய்வது என்ன?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்கவே ஓட்டுநருக்கு ஒரு விநாடி போய்விடுகிறது. மிதித்த பிறகும் வண்டி நிற்க, நல்ல ரோட்டிலேயே இன்னும் 20 மீட்டர் வேண்டும்.

வீணாகும் அந்த ஒரு விநாடியைத்தான் இந்தக் கருவி மிச்சம் பிடிக்கிறது. காரின் முன்புறம் ரேடார். முன்கண்ணாடிக்குப் பின்னால் காமிரா. ரேடார் அலையை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கொண்டு தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. எதிரே இருப்பது லாரியா, சைக்கிளா, மனிதனா என்று காமிரா அடையாளம் பார்க்கிறது. மோதப் போகிறது என்று தெரிந்தால் முதலில் ஒலி எழுப்பி எச்சரிக்கும். ஓட்டுநர் அசையாவிட்டால் தானே பிரேக்கை அழுத்தும். முழுதாக நிற்க இடமில்லாவிட்டாலும் வேகமாவது குறையும். 60-ல் அடிபடுவதற்கும் 30-ல் அடிபடுவதற்கும் உள்ள வித்தியாசம், பல சமயம் சாவுக்கும் கால் முறிவுக்கும் உள்ள வித்தியாசம்.

பலன் நிரூபணமான விஷயம். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கெடுத்தது. இந்தக் கருவியுள்ள கார்கள் முன்னே போகும் வண்டியின் பின்புறத்தில் மோதுவது பாதியாகக் குறைந்தது. ஆகவே இதைப் பணக்காரரின் விளையாட்டுச் சாமான் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது.

சாகிறவர் யார்?

சர்க்கார் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இங்கே மட்டும் 17,884 உயிர்கள் போயின. நாளொன்றுக்கு 49 பேர். நாடு முழுவதும் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து போனவர்கள். காரில் இருந்தவர்கள் 12 பேர்தான். அதாவது, பெரும்பாலும் சாகிறவர் பஞ்சர் ஒட்டி ஒட்டி ஓட்டும் மோட்டார் சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறவர். நடவுக்குப் போக ரோட்டைக் கடக்கிறவர்.

நடந்து போகிறவரை இந்தக் கருவி காப்பாற்றுமா? அதே அமெரிக்க நிறுவனம் 2022-ல் விடை சொன்னது. பாதசாரிமீது மோதும் விபத்துகள் 27 சதவிகிதம் குறைந்தன. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் பலன் எதுவும் காணவில்லை.

இதை நம் ரோட்டில் வைத்துப் பாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும், சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. கண்டெய்னர் லாரியும், கார் ஏற்றிய டிரெய்லரும், கம்பெனி பஸ்ஸும் போகும் அதே ரோட்டில் ஆட்டுமந்தையும் போகிறது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்விளக்கில்லாமல் போகிறது. இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் ரோட்டைத் தாண்டும் பெண்ணுக்கு, காமிராவைவிட முதலில் தேவை கம்பத்தில் ஒரு விளக்கு. அந்த விளக்கு இருந்தால் காமிராவும் வேலை செய்யும். இல்லாவிட்டால் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய காரின் கண்ணும் குருடுதான்.

இன்னொன்று. கார் தானே சட்டென்று நின்றுவிடும். பின்னால் 30 டன் சுமையோடு நெருக்கி வரும் லாரி நிற்குமா? இடையில் சிக்கும் மோட்டார் சைக்கிள்காரர் என்ன ஆவார்? ஆகவே கனரக வண்டிக்குத்தான் இந்தக் கருவி முதலில் வர வேண்டும். ஐரோப்பாவில் அப்படித்தான் செய்தார்கள். 2013 நவம்பரிலிருந்து புதுவகை லாரிக்கும் பஸ்ஸுக்கும் கட்டாயமாக்கினார்கள். கார்களுக்கு 2022-ல்தான் கட்டாயம் வந்தது. இங்கே நடந்தது தலைகீழ். இருங்காட்டுக்கோட்டையில் அப்போது தயாரான வெர்னா, வென்யூ கார்களில் 2023-ல் இது வந்தது. அதுவும் உயர்ந்த விலை மாடல்களில். லாரிக்கும் பஸ்ஸுக்கும் கட்டாயமாக்க மத்திய சர்க்கார் 2025-ல்தான் வரைவு விதியை வெளியிட்டது.

தானாக வந்ததா?

விலை குறைந்தால் எல்லாக் காரிலும் தானாக வந்துவிடும் என்கிறார்கள். அனுபவம் என்ன சொல்கிறது? 2014-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியக் கார்களை மோத விட்டுச் சோதித்தது. இங்கே செய்த ஐ10-க்குப் பூஜ்யம். 2014 கடைசியில் ஒரகடத்தில் செய்த டாட்சன் கோவுக்குப் பூஜ்யம். 2016-ல் இதே ஒரகடத்துக் குவிட் காருக்கும் பூஜ்யம். பின்னர் பிரேசிலில் அதே குவிட்டுக்குச் சட்டகத்தைப் பலப்படுத்தி, நான்கு காற்றுப்பை வைத்து விற்றார்கள்; மூன்று நட்சத்திரம் கிடைத்தது. வெல்டிங் செய்யும் நம் தோழரின் கை பிரேசில் தொழிலாளியின் கைக்கு மட்டமா? இல்லை. வடிவத்திலேயே பணத்தை மிச்சம் பிடித்தார்கள். 2017-ல் மோதல் சோதனை விதியும், 2021-ல் முன்சீட்டு இரண்டுக்கும் காற்றுப்பை விதியும் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. சட்டத்தால் வந்ததே தவிர, தயவால் வரவில்லை.

லாரி ஓட்டும் தோழர்களுக்கு ஒரு கவலை உண்டு. கருவி இருந்தும் விபத்து நடந்தால் பழி யார்மீது? அதன் முன்கண்ணாடியை மாற்றினால் காமிராவை மறுபடி அளந்து பொருத்த வேண்டும். ரேடார்மேல் சேறு அப்பியிருந்தால் துடைக்க வேண்டும். இந்தப் பராமரிப்பு வண்டியின் சொந்தக்காரர் பொறுப்பு என்று விதியில் எழுத வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் என்று 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு கட்டியது. கருவி இருக்கிறதே என்று 14 மணி நேரம் ஓட்டச் சொன்னால், தூக்கத்தில் சொக்கும் கண்ணுக்கு ரேடார் மாற்றாகாது.

எனவே நாம் கேட்க வேண்டியது தெளிவு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் கருவி கட்டாயமாகட்டும். நம்மை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸிலிருந்தே தொடங்கட்டும். கார்களில் மலிவான மாடலுக்கும் அது வரட்டும். அதற்காகக் காத்திராமல், ஒவ்வொரு ஆலை வாயிலிலும், ஊர் பிரியும் இடத்திலும் விளக்கும், கடக்கும் பாதையும், வேகத் தடையும் இந்த ஆண்டே வரட்டும். எந்தெந்த இடம் இருட்டு என்பது உங்களுக்குத் தெரியும். இன்றிரவே கிளைவாரியாகப் பட்டியல் எடுங்கள். ஆலைத் தோழரும் வயல்வேலைத் தோழரும் சேர்ந்து கையெழுத்திட்டு, அதைக் காஞ்சிபுரம் கலெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்போம்.