செம்மஞ்சட் கம்பி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழக மாணவன் மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்தால் சூத்திரம் எழுதுவான் என்று அஞ்சவேண்டாம். நான் பேச வந்தது ஒரு கம்பியைப் பற்றி. அதன் நிறம் செம்மஞ்சள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாள் மாலை, கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு ஹைபிரிட் கார் வழுக்கி மண்மேட்டில் மோதிற்று. ஓட்டியவர் உள்ளே சிக்கிக்கொண்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியவர்களுள் நானும் ஒருவன். ஓர் இளைஞர் குறட்டுடன் குனிந்து, "கறண்டை வெட்டிவிட்டால் சரி" என்று செம்மஞ்சட் கம்பியைப் பற்றப் போனார். "தம்பி, கையை எடுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு கராஜ் தொழிலாளி அலறினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முதலுதவி கற்றவன் நான். பௌதிகத்தில் நல்ல புள்ளியும் பெற்றவன். ஆனால் அந்தக் கம்பி இன்னதென்று அன்று எனக்குத் தெரியாது. வெட்கினேன்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. 2010 இல் வந்த நிசான் லீஃப் காரின் பெரிய பற்றரி ஏறக்குறைய 360 வோல்ற்று. மூன்றாந் தலைமுறை டொயோட்டா பிரியசில் மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தம் 650 வோல்ற்று வரை உயரும். இவற்றைச் சுமப்பவை செம்மஞ்சட் கம்பிகள். அவற்றை வெட்டுவதும் தொடுவதும் ஆகா.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது?

முதலாவது, சத்தமில்லாத காரை நின்றுவிட்ட கார் என்று எண்ணாதீர்கள். முன்னும் பின்னும் நில்லாது பக்கமாக அணுகி, சில்லுக்குக் கல் வையுங்கள். நம் மலைப் பாதையில் இது மிக அவசியம்.

இரண்டாவது, பொத்தானை அழுத்திக் காரை நிறுத்தி, சாவியைத் தூரத்தே கொண்டுபோங்கள். அதன் பின்பே சிறிய 12 வோல்ற்றுப் பற்றரியின் மறை முனையைக் கழற்றவேண்டும். பெரிய பற்றரியின் இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது இச்சிறியதே. காரை நிறுத்தாமல் இதைக் கழற்றினால் பயனில்லை. பெரிய பற்றரியே அதற்கு ஈடுகொடுக்கும்.

மூன்றாவது, நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் மின்சாரம் தங்கும். அது வடியப் பத்து நிமிடம் வரை ஆகலாம். பெரிய பற்றரியினுள் மின்சாரம் என்றும் இருக்கும். ஆயினும் காயப்பட்டவரை எடுக்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர்மின் சுற்று காரின் உடலோடு இணைக்கப்படாதது. அறுந்த கம்பியிலும் நசுங்கிய பற்றரியிலும் கைபடாமல் அவரை எடுங்கள். 1990 இற்கு அழையுங்கள்.

நான்காவது, பற்றரியிலிருந்து புகையோ சீறலோ எழுந்தால் ஆளை மீட்டு விலகுங்கள், அப்புகை நஞ்சு. தீயை அணைக்க ஏராளமான நீர் வேண்டும். அது தீயணைப்புப் படையின் வேலை. அணைந்த பற்றரி மணிக்கணக்கின் பின்னும், நாட்கள் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும்.

2025 நவம்பரில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்தை வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வாட்டியதை மறந்தோமில்லை. நீரில் மூழ்கிய மின்காரை இயக்காதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், வீட்டிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால் நிறுத்தி, அறிந்தவரை அழையுங்கள்.

2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியது. இனி இக்கார்கள் பெருகும். நம் சங்கம் ஒரு ஞாயிறு காலையை ஒதுக்கி, தீயணைப்புப் படையினரையும் ஒரு கராஜ் தொழிலாளியையும் அழைத்து, இளைஞருக்கு இதைக் கண்ணாற் காட்டவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அன்று கடுகண்ணாவையில் அந்தத் தொழிலாளி பொத்தானை அழுத்தினார். சாவியை என் கையில் தந்து, "ஓடுங்க" என்றார். ஓடினேன். ஓட்டியவர் பிழைத்தார்; குறடு பிடித்த இளைஞரும் பிழைத்தார். உதவ ஓடும் மனம் நம்மிடம் உண்டு. அதனோடு அறிவும் ஓடட்டும்.