பொது மில்லுக்குப் பூட்டு யார் கையில்?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே உட்கார்ந்திருக்கும் பல குடும்பங்களுக்கு ஊரிலிருந்து ஒரே மாதிரி சேதி வருகிறது. "ஊருக்குப் பொதுவாக அரிசி மில் போடுகிறோம், பால் பண்ணை வைக்கிறோம், ஐதராபாத்தில் சம்பாதிக்கிற நீங்கள் பங்குப் பணம் அனுப்புங்கள்" என்கிறார்கள். நல்ல காரியம், அனுப்ப வேண்டியதுதான். ஆனால் கட்டடம் எழும்பி, எந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு அந்தச் சொத்தைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு? இதைக் கேட்காமல் பணத்தை அனுப்பாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

கூட்டுறவு நமக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் நம் திரூரில்தான் பதிவானது. அப்பேர்ப்பட்ட தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 1976-ல் சட்டம் போட்டுத் தனி அதிகாரிகளை உட்கார வைத்தார்கள். அதற்குப் பின் 1996-ல்தான் தேர்தல் வந்தது. இருபது வருஷம்! ஒரு தலைமுறைக்குத் தன் சங்கத்தில் ஓட்டுப் போடுவது எப்படியென்றே மறந்துபோயிற்று. பங்குதாரன் வாடிக்கைக்காரன் ஆனான். சங்கக் கட்டடம் ஒழுகினால் "சர்க்கார் கட்டடம்தானே" என்று போய்விட்டான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். காசிப்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்தால் முல்கனூர். அங்கே 1956-ல் விசுவநாத ரெட்டி என்பவர் முயற்சியில் 14 கிராமத்து விவசாயிகள் 373 பேர் சேர்ந்து, 2,300 ரூபாய் பங்கு மூலதனத்தில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கடன் கொடுப்பதோடு நிற்கவில்லை. நெல்லை வாங்கினார்கள், அரைத்தார்கள், விதை தயாரித்தார்கள், பஞ்சு அரைக்கும் ஆலை வைத்தார்கள். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். நிறுவியவருக்குப் பின்னும் அதே குடும்பத்திலிருந்து தலைவர் வந்தார். எனக்கு அது உறுத்துகிறது. ஆனாலும் சங்கம் விழவில்லை. உறுப்பினனின் சேமிப்பும் விளைச்சலும் அதற்குள் இருந்ததால், அவன் கண்ணும் அதன் மேலேயே இருந்தது.

அதே முல்கனூரில் 2000-ல் பெண்கள் பால் பண்ணை ஒன்று எழுந்தது. உறுப்பினரும் பெண்கள், நிர்வாகக் குழுவும் பெண்கள். 1995-ல் ஒன்றுபட்ட ஆந்திராவில் வந்த பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சட்டத்தில் அது பதிவானது. அந்தச் சட்டத்தில் சர்க்கார் பங்குப் பணம் கிடையாது. காலத்தில் தேர்தல் நடத்தாத இயக்குநர்கள் பதவி இழப்பார்கள். நஷ்டம் வந்தால் அதை எப்படி ஈடுகட்டுவது என்று உறுப்பினர் கூட்டமே முடிவு செய்ய வேண்டும். லாபத்தைப் பங்கிட எல்லோரும் வருவார்கள்; நஷ்டமும் தன் தலையில் விழும் என்று தெரிந்தவன்தான் கணக்கைப் பிரித்துப் படிப்பான்!

சட்டம் மட்டும் போதுமா என்றால் போதாது. 2001-ல் இதே ஐதராபாத்தில் கிருஷி கூட்டுறவு வங்கி கவிழ்ந்ததும், பணம் போட்டவர்கள் வாசலில் நின்றதும் பலருக்கு ஞாபகமிருக்கும். பெயரிலே கூட்டுறவு இருந்தது, உறுப்பினர் கண்காணிப்பு இல்லை.

நான் ரயில்வே குமாஸ்தா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் கிடங்கில் சாமானை எண்ணிப் பார்க்க ஸ்டாக் வெரிஃபையர் வருவார். அவர் கிடங்கு அதிகாரிக்குக் கீழ் இல்லை, கணக்கு இலாகாவுக்குக் கீழ். சாவி வைத்திருப்பவனே எண்ணிக்கையும் சொல்லக் கூடாது என்பதுதான் விஷயம். ரயில்வேயில் தேய்மான நிதி என்றும் ஒன்று தனியாக உண்டு. என்ஜின் தேயும், தண்டவாளம் தேயும், மாற்றப் பணம் வேண்டும். ஊர் மில்லில் முதல் மூன்று வருஷம் லாபம், லாபம் என்று முழுதும் பங்கிட்டுவிட்டு, நாலாம் வருஷம் மோட்டார் எரிந்ததும் மறுபடி நமக்குத்தான் சேதி அனுப்புவார்கள்.

ஆகவே பணம் அனுப்பும்போதே, சங்க விதிகளின் நகல் ஒன்று கேளுங்கள். வருஷாந்தரக் கூட்டத்தைப் பொங்கல் விடுமுறையில் வைக்கச் சொல்லுங்கள், நாமும் போய் உட்காரலாம். சொத்துப் பதிவேட்டைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் உங்கள் வீட்டுப் பெண்கள் பேரில் பங்கு எழுதுங்கள். தினம் பாலோடு போய் நிற்பவர்கள் அவர்கள்தான். விதிகள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறேன்.